இரண்டு வீட்டுக்கு ஒரு செற்

என் வயதை ஒத்தவர்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டுக்கு றேடியோவும் கசெற்றும் சேர்ந்த பாட்டுச் செற் அனுப்பிய காலம் உங்களுக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்தவுடன் வரும் புதுச் சாமான் வாசம், கையில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும் வெள்ளை நுரைத் துகள், அந்த ஊர்ப் பாஷையில் அச்சடித்த தடித்த புத்தகம். செற்றுக்கு அம்மா துணி தைத்துப் போர்த்துவார். எங்களுக்குச் சட்டை தைக்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்காது.

எங்கள் வீட்டுக்கு வந்த செற்றைப் பற்றி இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது; அதைச் சொன்னது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சாவகச்சேரிக்குக் கிட்ட, தெருவிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வளவு. முன்பு அது ஒரே வளவுதான். அம்மாவுக்கும் அம்மாவின் தங்கைக்கும் சீதனமாகப் பாதி பாதியாகப் போனபோது நடுவில் வேலி வந்தது. சின்னம்மா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கிணறு பொது. வேலியில் நின்ற மாமரத்துக்கும் பங்கு உண்டு. காய் எந்தக் கொப்பில் இருக்கிறதென்று பார்த்துத்தான் ஆய வேண்டும். நாங்கள் எதையும் பங்கு போடுகிற ஆட்கள். காற்றைப் பங்கு போட வழியிருந்தால் அதற்கும் உறுதிப் பத்திரம் எழுதியிருப்போம்.

வேலியில் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. பெரியவர்கள் அதைக் கண்டும் காணாதது போல விட்டிருந்தார்கள். நானும் சின்னம்மாவின் மகளும் அதற்குள்ளால் ஒரு நாளைக்கு இருபது தரம் போய் வருவோம். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள்.

அம்மாவும் சின்னம்மாவும் முகம் கொடுத்துக் கதைப்பது குறைவு. சின்னம்மா தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்தவர். மாப்பிள்ளை உடுப்பிட்டிப் பக்கம். மாமா, அதாவது இவர்கள் இருவருக்கும் இடையில் பிறந்தவர், தான் பேசி முடித்திருந்த சம்பந்தம் குழம்பியதில் கொதித்துப் போனார். தாலி கட்டிய கையோடு கும்பிட வந்தவர்களுக்கு முன்னால் கதவைச் சாத்தினார். பிறகு வெளிநாடு போய்விட்டார். அங்கிருந்து அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் சின்னம்மாவைக் குறிப்பிட வேண்டி வந்தால் ‘உங்கடை தங்கச்சி’ என்றுதான் எழுதுவார். அவருக்கும் தங்கை என்பதை அவர் பேனா ஒத்துக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவர்தான் செற்றோடு வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்: ‘இது உங்களுக்கும் உங்கடை தங்கச்சிக்கும் பொது.’

அம்மா அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடிகாமத்துக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் வந்த பெட்டி ஹோலின் நடுவில் இருந்தது.

அப்பா கந்தோரில் கிளாக்கர். எழுத்தில் உள்ளதை எழுத்துப்படி செய்வார். புத்தகத்தின் ஆங்கிலப் பக்கங்களை அகராதியோடு மூன்று நாள் வாசித்தார். அதில் ஒரு படம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு மனிதன் கதிரையில் இருக்கிறான். அவனுக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர். இரண்டிலிருந்தும் புள்ளிக்கோடு புறப்பட்டு அவன் தலையில் வந்து சந்திக்கிறது.

“ரெண்டும் ஒண்டைத்தானே கதைக்குது,” என்றார் அப்பா. “ஒரு ஹோலுக்குள்ளை ரெண்டு எதுக்கு? ஒண்டு இஞ்சை, ஒண்டு அங்கை. பொது எண்டால் பொது.”

“செற் எங்கை இருக்கிறது?” என்று அம்மா கேட்டார்.

“மூத்தவள் வீட்டிலை. ஸ்பீக்கர்தான் பங்கு.”

அந்த ஊரிலேயே அதைவிட நியாயமான தீர்ப்பு இருந்திருக்க முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

அடுத்தது வயர். அப்பா கொச்சக் கயிற்றால் தூரம் அளந்தார். எங்கள் அலுமாரியிலிருந்து யன்னல், யன்னலிலிருந்து மாமரம், மாமரத்திலிருந்து பொட்டுக்கு மேலால் சின்னம்மா வீட்டு முன்னறை வரைக்கும். கயிற்றில் முடிச்சுப் போட்டு அதைச் சுருட்டிக்கொண்டு சாவகச்சேரிக் கடைக்குப் போனார். என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டார். கடைக்காரர் மெல்லிய வயர் ஒன்றையும் தடித்த வயர் ஒன்றையும் மேசையில் போட்டார்.

“தூரம் கூடக் கூடச் சத்தம் மெலியும் மாஸ்டர். தடிச்சதை எடுங்கோ,” என்றார். கண்ணாடி போட்ட எவரும் அவருக்கு மாஸ்டர்தான்.

அப்பா தடித்ததை எடுத்தார். அது மட்டுமல்ல, எங்கள் ஸ்பீக்கருக்கும் அதே அளவு வயர் வெட்டச் சொன்னார். எங்கள் ஸ்பீக்கர் செற்றிலிருந்து நான்கு அடி தூரத்தில் இருக்கப் போகிறது. கடைக்காரர் சிரித்தார்.

“அவையளுக்கு மெலிஞ்சும் எங்களுக்குப் பலமாயும் கேட்டால் நாளைக்கு ஒரு கதை வரும்,” என்றார் அப்பா.

மிஞ்சிய வயரைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். நியாயத்துக்காகச் சுருண்டு கிடந்த அந்த வயரில் எங்கள் வீட்டுப் பூனை பிறகு குட்டி போட்டது. இரண்டு ஸ்பீக்கரிலும் வயர் செருகச் சிவப்புப் பூட்டு, கறுப்புப் பூட்டு என்று இருந்தன. அப்பா வயரின் ஒரு கரையில் சிவப்பு நூல் சுற்றி அடையாளம் வைத்தார். சின்னம்மா வீட்டில் அதைப் பூட்டும்போது சின்னம்மா எங்கள் எல்லோருக்கும் பால் தேத்தண்ணி தந்தார். அப்பாவுக்கு மட்டும் தட்டில் வைத்துத் தந்தார். அம்மா வரவில்லை, ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “கேக்குதோ எண்டு கேள்,” என்று என்னிடம் சொன்னார்.

கேட்டது. றேடியோச் செய்தி இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்டது. அம்மாவும் சின்னம்மாவும் ஒரே நாடகத்துக்கு இரண்டு அடுக்களையில் அழுதார்கள். மறுநாள் கிணற்றடியில், “நேற்று அவள் செய்தது சரியே?” என்று சின்னம்மா வாளியைப் பார்த்துச் சொல்ல, “சரியில்லைத்தான்,” என்று அம்மா கயிற்றைப் பார்த்துச் சொன்னார். நாடகக்காரியைப் பற்றித்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பாட்டுக் கசெற் போட்டபோதுதான் வேறு ஒன்று நடந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். ஒரு பாட்டில் எங்கள் வீட்டில் பெண் மட்டும் பாடினாள். அவள் ஏதோ கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். நான் பொட்டுக்குள்ளால் ஓடிப் போனால் சின்னம்மா வீட்டில் ஆண் பதில் பாடிக்கொண்டிருப்பான். இன்னொரு பாட்டில் எங்களுக்குக் குரல், அவர்களுக்கு மேளம். பொட்டுக்குள் குந்தியிருந்தால் இரண்டும் சேர்ந்து முழுப் பாட்டாகக் கேட்கும். கிளுவை முள் முதுகில் கீற, சின்னம்மாவின் மகளும் நானும் அதற்குள் நெருக்கிக்கொண்டு இருப்போம். பெரியவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பொட்டை அடைத்துவிடுவார்கள் என்று பயம்.

எனக்கு அந்தச் செற்றில் இன்னொரு ஆசையும் இருந்தது. முன்பக்கத்தில் கண்ணாடிக்குள் இரண்டு முள் இருக்கும். சத்தம் வந்தால் இரண்டும் எழும்பி ஆடும். நின்றால் படுத்துவிடும். அம்மா செற் போட்டால் நான் பாட்டுக் கேட்பதைவிட முள்ளைப் பார்ப்பதுதான் அதிகம்.

அந்த மாம்பழக் காலத்தில் ஒரு அடியும் வாங்கினேன். சின்னம்மா வீட்டிலிருந்து பாதிப் பலாப்பழம் வந்தது. அம்மா பிளந்து பார்த்துவிட்டு, “சுளையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு சக்கையை அனுப்பியிருக்கினம்,” என்றார். நான் பொட்டுக்குள்ளால் போய் அதை அப்படியே சின்னம்மாவிடம் சொன்னேன். கேட்கிறாரே என்று அம்மாவின் முகத்தை இழுத்து நடித்தும் காட்டினேன். அதன் பிறகு இரண்டு கிழமை கிணற்றடி நேரம்கூட மாறிப் போனது. அம்மா பூவரசந்தடியால் தந்தார். கால் வரி வரியாக வீங்கியது.

“இந்த வீட்டுக் கதை அங்கை போகக்கூடாது. அந்த வீட்டுக் கதை இஞ்சை வரக்கூடாது. விளங்கிச்சோ?”

“ஓம்.”

“ஆர் கேட்டாலும்?”

“ஒண்டும் சொல்ல மாட்டன்.”

என்னை அழ வைத்துச் சத்தியம் வாங்கினார். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதுதான் நடந்த பிழை.

மாமாவோடு வேலை செய்த ஒருவர் லீவில் வந்தார். கையில் ஒரு கசெற். கடிதத்துக்குப் பதிலாக மாமா தன் குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறார் என்றும், இரண்டு சகோதரிகளும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னார். மாமா தனக்கும் அதே செற் ஒன்று வாங்கி, ஒரு மைக்கும் வாங்கிப் பதிந்தாராம்; அந்த மைக்கையும் கொடுத்துவிட்டிருந்தார்.

அம்மா என்னை அனுப்பினார். “அஞ்சு மணிக்கு மாமாவின்ரை கசெற் போடுறம், ஸ்பீக்கருக்குக் கிட்ட இருக்கட்டாம் எண்டு சொல்லிப்போட்டு வா. வேறை ஒண்டும் கதைக்காதை.”

சின்னம்மா தனியாக இருந்தார். பாடசாலை விடுமுறை என்று மகளும் சித்தப்பாவும் உடுப்பிட்டிக்குப் போயிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு, அரிசி களைந்த கையைச் சேலையில் துடைத்தபடி அப்படியே நின்றார். “அண்ணையோ?” என்று மட்டும் கேட்டார். நான் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னர், நேரமாகிறது என்று சொல்ல இன்னொரு தரம் ஓடினேன். தலை இழுத்து, பூ வைத்து, கோவிலுக்கு உடுக்கிற சேலை உடுத்தி, ஸ்பீக்கருக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்தார். கும்பிடக் கும்பிடக் கதவைச் சாத்தியவர் வருகிறார் என்பதற்காக உடுத்தியிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கலியாண வீட்டுக்குப் போகப் போகிறாரா என்று நினைத்தேன்.

அப்பா கசெற்றைப் போட்டார். முதலில் இரைச்சல். பிறகு மாமா.

“அக்கா, நான் சுகமா இருக்கிறன். வெயில்தான் தாங்கேலாது.” இப்படித் தொடங்கி, சாப்பாடு, அறையில் இருப்பவர்கள், இருமல் எல்லாம் சொன்னார். அம்மா குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வழமைபோல முள்ளைப் பார்த்தேன். ஒரு முள் ஆடியது. மற்றது அசையாமல் படுத்துக் கிடந்தது. அதற்குக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு மாமா செருமினார்.

“இனி என்ரை தங்கச்சியோடை கதைக்கப் போறன். தங்கச்சி, அண்ணை பிழை விட்டிட்டன். நீ வாசலிலை கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்கை கதவைச் சாத்தினது பெரிய பிழை. இஞ்சை தனிய இருக்கேக்கைதான் விளங்குது. இந்தக் கசெற்றின்ரை மற்றப் பக்கத்தை வெறுமையா விட்டிருக்கிறன். நீ அக்கா வீட்டை போய் அதிலை கதைச்சு அனுப்பு. ஒண்டும் கதைக்க விருப்பமில்லாட்டி, அண்ணை எண்டு ஒருக்காக் கூப்பிட்டு விடு. எனக்கு அது காணும்.”

அவர் அழுதார். எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். அப்பா யன்னலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்ப வருவாள்,” என்றார். தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தார். நாங்கள் பொட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இருட்டும் வரை ஒருவரும் வரவில்லை.

மறுநாள் காலை நான் கிணற்றடியில் முகம் கழுவும்போது சின்னம்மா வந்தார். தலையில் முதல் நாள் பூ வாடிக் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்.

“மாமா என்ன சொன்னவர் பிள்ளை?”

எனக்குக் கால் வரிகள் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் தானே கேட்டுவிட்டு, நான் கதை காவுகிறேனா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஸ்பீக்கருக்கு முன்னால் அவர் இருந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான்.

“சுகமா இருக்கிறாராம்,” என்றேன்.

“வேறை?”

“வேறை ஒண்டும் சொல்லேல்லை.”

“எனக்கெண்டு ஒண்டும்?”

“இல்லை.”

சின்னம்மா வாளியை எடுக்காமல் திரும்பிப் போனார். அன்று பின்னேரம் அம்மா பாட்டுப் போட்டார். சின்னம்மா வீட்டு ஸ்பீக்கரும் நன்றாகப் பாடியிருக்கும். அப்படியானால் நேற்று வேண்டுமென்றே தன் பக்கத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவர் எண்ணியிருப்பார். பாதிப் பாட்டில் அவர் வேலியடிக்கு வந்து, பாக்குவெட்டியால் வயரை வெட்டினார். ஸ்பீக்கரைத் துணியில் சுற்றிப் பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வைத்தார்.

“உங்கடை சாமானை நீங்களே வைச்சிருங்கோ,” என்றார். “என்ரை அண்ணை எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லைத்தானே.”

“அவன் அப்பிடி அழுதவன். அதைக் கேட்டுப்போட்டு ஒரு சொல்லும் இல்லை எண்டுறாளே. இவள் மனுசியே?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். சின்னம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் தீர்ந்திருக்கும். மறுநாள் பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்தார்கள், இரண்டு பக்கத்திலும்.

மூன்று நாள் பார்த்துவிட்டு அம்மா தானே மற்றப் பக்கத்தில் பதிந்தார். “அவள் வரேல்லைத் தம்பி. நீ மனதைப் போட்டு உடைக்காதை,” என்று முடித்தார். அதே கசெற் அதே ஆளின் கையில் திரும்பிப் போனது. மாமா ஒரு கடிதம் போட்டார். மூன்று தரம் முழுக்கப் போட்டுப் பார்த்ததாகவும், தங்கச்சியின் குரல் இல்லை என்றும், பரவாயில்லை என்றும் எழுதியிருந்தார். ஏழு மாதத்தில் தந்தி வந்தது. நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். உடல் வரவில்லை. பிறகு வந்த பெட்டியில் நாலு சேட்டும் ஒரு மணிக்கூடும் சவர மெசினும் இருந்தன. கசெற் இல்லை.

செத்தவீட்டுக்குச் சின்னம்மா தெருவைச் சுற்றி வந்தார். மூலையில் இருந்தார். அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பெண்கள் குசுகுசுத்தது எனக்கும் கேட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், செற் போனது, வீடு போனது, வேலியும் போனது. அப்பா போனார். அம்மா சாகும்வரை தங்கையை மன்னிக்கவில்லை.

போன மாதம் என் மகன் லீவில் வந்து ஹோலில் ரி.வி.க்கு இரண்டு ஸ்பீக்கர் பூட்டினான். இரண்டு வயரையும் ஒரே நீளத்தில் வெட்டினான். என்னைக் கதிரையில் நடுவில் இருத்தினான். பாட்டுக் கேட்டேன், நன்றாக இருந்தது. பிறகு தன் பிள்ளை கதைத்ததை வீட்டில் மைக் வைத்துப் பதிந்ததென்று போட்டான். பேத்தியின் குரல் இடப்பக்கத்தால் மட்டும் வந்தது.

“மற்றது பழுதோ தம்பி?”

“இல்லை அம்மா. ஒரு மைக்கை ஒரு பக்கத்திலை மட்டும் குத்திப் பதிஞ்சிட்டன். அதாலை ஒரு பக்கத்திலைதான் குரல் கிடக்கு.”

“அப்ப இந்த ஸ்பீக்கரிலை?”

“வெறும் இரைச்சல்தான். காதை வைச்சுப் பாருங்கோ.”

நான் எழுந்து போய்க் காதை வைத்தேன். படுத்துக் கிடந்த முள் நினைவுக்கு வந்தது. அது சின்னம்மா வீட்டு ஸ்பீக்கரின் முள். மகன் ஏதோ கேட்டான். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

சின்னம்மா இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. மகள் கனடாவில். பார்க்க ஒரு பெண் வந்து போகிறாள். அதே வளவில் கட்டிக் கொடுத்த சின்ன வீடு. நான் நல்லநாள் பெருநாளுக்குப் போவேன், பழம் கொடுப்பேன், வருவேன். அன்று வெறுங்கையோடு போனேன். கட்டிலுக்குக் கிட்ட இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றை மைக், இரண்டு ஸ்பீக்கர், ஆடாத முள், பூவரசந்தடி, ‘அண்ணை’ என்று ஒருக்காக் கூப்பிடச் சொல்லி மாமா கேட்டது.

“அண்டைக்கு எனக்கு இரைச்சல்தான் வந்தது,” என்றார் சின்னம்மா கடைசியில். “முடியும் வரைக்கும் இருந்தனான். கடைசியிலையாவது வருமெண்டு.”

“சின்னம்மா, நான்...”

“உன்னட்டைக் கேட்டனான். இல்லை எண்டனி.”

“ஓம்.”

அவர் என் கையைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. நான் அழுதேன். அவர் அழவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

“என்ரை தங்கச்சி எண்டு சொன்னவரோ? இல்லை, கொம்மாவுக்கு எழுதுற மாதிரி உங்கடை தங்கச்சி எண்டோ?”

“என்ரை தங்கச்சி எண்டுதான் சின்னம்மா.”

“பிறகு எவ்வளவு காலம் இருந்தவர்?”

“ஏழு மாசம்.”

“ஏழு மாசம் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்,” என்றார் சின்னம்மா. வாய் கோணியது. “அண்ணை எண்டு ஒரு சொல்லு. நான் தெருவாலை நடந்து வந்தெண்டாலும் சொல்லியிருப்பனே.”

அவர் எழும்பி இருக்கப் பார்த்தார். தலையணையை முதுகுக்கு வைத்துவிட்டேன். சேலைத் தலைப்பை எடுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டார். நரைத்த தலையைக் கையால் வாரிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இப்ப சொல்லு,” என்றார். “ஒண்டும் விடாமல் சொல்லு.”

நான் முதலில் இருந்து தொடங்கினேன். மாமா சுகமாக இருக்கிறார் என்பதிலிருந்து.